மணம் வழி வரும் பகை



பயிருக்குப் பகையாக வந்து சேரும் பூச்சிகளைப் பற்றிப் பேசும்போது, அவை எவ்வளவு தின்கின்றன, எந்த மருந்துக்கு மடிகின்றன என்னும் இரண்டு கேள்விகளோடு நாம் பெரும்பாலும் நின்றுவிடுகிறோம். அவ்விரண்டிற்கும் முந்திய கேள்வி ஒன்று உண்டு. நெல்லும், வரப்பிலுள்ள களையும், வாய்க்கால் ஓரத்துக் கோரையும் கலந்து கிடக்கும் வெளியில், அமாவாசை இருளில், அணா அகலம்கூட இல்லாத ஓர் அந்துப்பூச்சி தனக்குரிய பயிரையும் தனக்குரிய துணையையும் கண்டடைவது எவ்வாறு என்பதே அது. மணத்தினால் என்பது அதற்குரிய விடை. அந்த விடையின் உள்ளே இருக்கும் நுட்பங்களைத்தான் இன்று உங்கள் முன் விரித்துரைக்க விரும்புகிறேன். துணையின் மணமும் பயிரின் மணமும் பூச்சியின் வாழ்வில் தனித்தனியே நிற்பன அல்ல. ஒரே உறுப்பினால், ஒரே காற்றில், ஒன்று மற்றொன்றுக்குப் பொருள் தரும் வகையில் உணரப்படுவன. இந்த உண்மையை மறவாமல் செய்யப்படும் பயிர்ப் பாதுகாப்பே நிலைத்த பயன் தரும் என்பது நான் வலியுறுத்த வந்த கருத்து.

இவ்வாராய்ச்சியின் ஆதி அத்தியாயங்களுள் ஒன்று, பிரான்ஸ் தேசத்தின் தென்பகுதியில் செரிஞான் என்னும் சிற்றூரில் வாழ்ந்த ஃபாப்ர் என்னும் பெரியாரின் வீட்டில் எழுதப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அன்று காலை கூட்டைவிட்டு வெளிவந்த பெரிய மயில் அந்துப்பூச்சியின் பெண் ஒன்றை அவர் கம்பிவலைக் கூண்டில் அடைத்து வைத்திருக்க, அன்றிரவே ஏறக்குறைய 40 ஆண் பூச்சிகள், மரமும் புதரும் சூழ்ந்த இருளைக் கடந்து வந்து, வீட்டினுள் புகுந்து அக்கூண்டை வட்டமிட்டன. பெண்ணைக் காற்றுப் புகாத பெட்டியில் வைத்தால் ஒன்றும் வரவில்லை. மூடியில் இடுக்கு இருந்தால் வந்தன. வேறோர் இனத்தைக் கொண்டு செய்த பரிசோதனையில், பெண்ணைக் கண்ணாடி மூடியினுள் எதிரே தெரியும்படி வைத்துவிட்டு, அது முன்னர் அமர்ந்திருந்த கிளையை ஒரு புறத்தில் இட்டபோது, ஆண்கள் கண்ணெதிரே தெரிந்த பெண்ணைப் புறக்கணித்து வெறுங்கிளையை மொய்த்தன. ஆயினும், நாஃப்தலீனின் கடுநெடி அறையெங்கும் பரவியிருந்தபோதும் ஆண்கள் வழி தவறாமல் வந்தமை கண்டு, இது மனிதர் அறிந்த வகையைச் சேர்ந்த மணம்தானா என்று அப்பெரியார் ஐயுற்றார். அறிவுடைய ஐயம் அது. மனித மூக்கிற்குச் சற்றும் எட்டாத ஒரு பொருள் அங்கே செயற்பட்டது என்பதும், அதனை உணரும் உறுப்பு வேறு நெடிகளால் எளிதில் மயங்காத தனித்தன்மை வாய்ந்தது என்பதும் பின்னால்தான் தெளிவாயின.

அந்தப் பொருளின் முதல் வடிவத்தை உலகிற்குக் காட்டியவர் ஜெர்மானிய ரசாயன அறிஞர் அடால்ஃப் பூட்டனாண்ட். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் உழைத்து, ஐந்து லட்சம் பெண் பட்டுப்பூச்சிகளின் சுரப்பிகளிலிருந்து சில மில்லிகிராம் அளவே கிடைத்த ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, அதன் மூலக்கூறு அமைப்பையும் கண்டறிந்து, 1959-ல் பாம்பிகால் என்னும் பெயரால் அவர் வெளியிட்டார். பதினாறு கரி அணுக்கள் தொடர்ந்து நிற்கும் ஓர் எளிய ஆல்கஹால் அது. அதே ஆண்டில் பீட்டர் கார்ல்சனும் மார்ட்டின் லூஷரும், ஒரு பிராணி தன் தேகத்திற்கு வெளியே விடுத்து, தன் இனத்தைச் சேர்ந்த மற்றொன்றின் நடத்தையையோ வளர்ச்சியையோ மாற்றும் இத்தகைய பொருள்களுக்குப் பெரோமோன் என்னும் பொதுப்பெயரை இட்டனர். நம் உழவர்கள் இன்று வயலில் கட்டும் இனக்கவர்ச்சிப் பொறியில் இருப்பது இவ்வகைப் பொருளே.

இனி, அதை உணரும் உறுப்புக்கு வருவோம். பூச்சியின் தலையிலுள்ள உணர்கொம்புகளே அதன் நாசி. ஆண் பட்டுப்பூச்சியின் ஒவ்வோர் உணர்கொம்பிலும், பாம்பிகாலை ஏற்பதற்கென்றே அமைந்த நுண்மயிர்கள் ஏறக்குறைய 17,000 உண்டு. ஒவ்வொரு மயிரின் சுவரிலும் கண்ணுக்குப் புலனாகாத துளைகள் பல. அத்துளை வழியே நுழையும் மணத்துகள் எண்ணெய்த் தன்மை உடையது. உள்ளே இருப்பதோ நீர்த்தன்மையுள்ள திரவம். இவ்விரண்டும் ஒட்டாதவை. ஆகவே அத்துகளைத் தாங்கி நரம்பின் வாயிலுக்குக் கொண்டுசேர்க்க ஒரு புரதம் இருக்கிறது என்பதை 1981-ல் வாக்ட், ரிட்டிஃபோர்டு என்னும் இருவர் கண்டறிந்தனர். நரம்பணுவின் தோலில் ஏற்பிகள் நிற்கின்றன. குறிப்பிட்ட மணத்துகளை இனங்காணும் புரதம் ஒன்றும், பல்வேறு பூச்சி இனங்களிலும் பெரிதும் மாறாமல் காணப்படும் ஆர்கோ என்னும் துணைப் புரதம் ஒன்றும் சேர்ந்து அமைந்த அவ்வாயில், மணத்துகள் பொருந்திய கணத்தில் திறந்து, மின்னேற்றம் பெற்ற அயனிகளை உள்ளே விடுகிறது. நரம்பில் மின்துடிப்பு எழுகிறது. இந்த மின்துடிப்பை உணர்கொம்பிலிருந்து நேரே அளக்கும் முறையை டீட்ரிஷ் ஷ்னைடர் 1957-ல் வகுத்தார். அவருடைய வழியில் வந்த கைஸ்லிங்கும் பிரீஸ்னரும் 1970-ல், பாம்பிகாலின் ஒரே ஒரு மூலக்கூறு ஒரு நரம்பணுவில் துடிப்பை எழுப்ப வல்லது என்று காட்டினார்கள். ஒரு பொருளின் பிரிக்கவொண்ணாத கடைசித் துகளையும் அறியும் இந்திரியத்திற்கு அப்பால், கூர்மை என்னும் குணம் செல்வதற்கு வேறு எல்லை இல்லை.

மணத்தை அறிவது போலவே அதை உடனே மறப்பதும் அவ்வுறுப்புக்கு அவசியம். ஏற்பியைத் தொட்ட மணத்துகளைச் சிதைத்து ஒழிக்கும் நொதிகளும் அந்த நுண்மயிரினுள்ளேயே இருக்கின்றன. ஏன் இந்த ஏற்பாடு? மணம் காற்றில் கோடிட்டாற்போல் ஒழுங்காகப் பரவுவதில்லை. காற்றின் சுழிப்பினால் இழை இழையாகப் பிரிந்து, இடையிடையே மணமற்ற வெளிகளுடன் மிதந்து வருகிறது. ஆண் அந்துப்பூச்சி ஓர் இழையைத் தொட்டவுடன் காற்றை எதிர்த்து முன்னே பாய்கிறது. இழை அறுந்தால் முன்னேறாமல் இடமும் வலமுமாக அலைந்து தேடுகிறது. மீண்டும் தொட்டால் மீண்டும் பாய்கிறது. பறந்துகொண்டிருக்கும் உயிர் காற்றின் திசையை எவ்வாறு அறியும் என்பதற்கு, 1974-ல் கென்னடியும் மார்ஷும் காற்றுச் சுரங்கத்தில் தரையின் கோலத்தை நகர்த்திச் செய்த பரிசோதனை விடை தந்தது. கீழே தரை நகரும் பாங்கைக் கண்ணால் பார்த்தே பூச்சி தன் போக்கைத் திருத்திக்கொள்கிறது. செல்லும்படி ஏவுவது மணம்; திசையைக் காட்டுவது காற்று; வழியைச் சரிபார்ப்பது கண். பழைய மணம் நரம்பில் தங்கிவிடுமானால், இழை அறுந்த செய்தி பூச்சிக்கு எட்டாது; எட்டாவிடில் அது நேரே பறந்து வழியை இழந்துவிடும்.

அடுத்து, ஓர் இனம் தன் இனத்தை மட்டும் அறிவது எவ்வாறு? பச்சைக் காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி விடுக்கும் மணத்தில் முக்கியமானவை இரண்டு ஆல்டிஹைடுகள். ஏறக்குறைய 97-க்கு 3 என்னும் விகிதத்தில் அவை கலந்திருக்கின்றன. நெற்பயிரின் குருத்துப்பூச்சி விடுப்பதும் அதே இரண்டு ஆல்டிஹைடுகள்தாம். அங்கே விகிதம் 3-க்கு 1. பொருள் ஒன்றே, அளவே வேறு. ஆரபிக்கும் தேவகாந்தாரிக்கும் ஆரோகண அவரோகணம் ஒன்றாகவே இருக்க, சுரங்களை அழுத்தியும் நெகிழ்த்தியும் பிடிக்கும் பாங்கினால் கேட்போர் செவியில் அவை இரண்டு ராகங்களாக ஒலிப்பதைப் போன்றது இது. பூச்சியின் மூளையில் ஒவ்வொரு வகை ஏற்பியின் நரம்புகளும் தமக்குரிய தனித்தனி முடிச்சுகளில் சென்று கூடுகின்றன. ஆண் அந்துப்பூச்சிகளில் துணையின் மணத்திற்குரிய முடிச்சுகள் மற்றவற்றைக் காட்டிலும் பெருத்திருக்கின்றன. எந்த முடிச்சு எவ்வளவு துடிக்கிறது என்னும் ஒப்பீட்டிலிருந்தே இது நம் இனம், இது அயல் இனம் என்னும் தீர்ப்புப் பிறக்கிறது.

பயிரின் மணத்திற்கும் இந்த நியாயமே பொருந்தும். இலை கிழிபட்டால் எழும் பச்சை வாசனை எல்லாத் தாவரங்களுக்கும் ஏறத்தாழப் பொதுவானது. அவரைக்கென்றே, நெல்லுக்கென்றே தனிப்பட்ட பொருள்கள் அபூர்வம். பொதுவான சரக்குகளின் சேர்மானத்தைக் கொண்டே பல பூச்சிகள் தம் பயிரை அறிகின்றன. இங்கிலாந்தில் கறுப்பு அவரை அசுவினியைக் கொண்டு நடத்தி 2010-ல் வெளியிட்ட ஆராய்ச்சி இதை ஐயமற நிலைநாட்டியது. அவரைச் செடியின் மணப்பொருள்களைத் தனித்தனியே முகரக் கொடுத்தால், அவற்றுள் பலவற்றைக் கண்டு அசுவினி விலகி ஓடியது. அவற்றையே செடியில் உள்ள விகிதத்தில் சேர்த்துக் கொடுத்தால் விரும்பி வந்தது. விலக்குவதும் அழைப்பதும் ஒரே பொருளாக இருக்க, உடன் நிற்பவை எவை என்பதே அதன் பொருளை நிர்ணயித்தது.

விதிவிலக்கும் உண்டு. முட்டைக்கோஸும் கடுகும் சேர்ந்த குடும்பம், தன்னைத் தின்ன வருவோரை விரட்டுவதற்காகவே கடுகின் காரத்தைத் தன்னுள் வைத்திருக்கிறது. அந்தக் காரத்தைத் தாங்கப் பழகிவிட்ட பூச்சிகளுக்கோ அதுவே அழைப்பாகிவிட்டது. முட்டைக்கோஸ் வண்ணத்துப்பூச்சியின் புழு வேற்றுத் தாவரத்தின் இலையையும் அக்காரத்தின் மூலப்பொருளைப் பூசினால் தின்னும் என்பதை ஃபெர்ஷாஃபெல்ட் என்னும் டச்சுத் தாவரவியலார் 1910-லேயே காட்டிவிட்டார். இன்று கோஸ் பாத்திகளுக்கிடையே கடுகை வரிசையாக விதைத்து, வைரமுதுகு அந்துப்பூச்சியைக் கடுகின் மேல் முட்டையிடச் செய்து அங்கேயே ஒழிப்பது இந்த ஞானத்தின் பயனாகும்.

இப்போது என் கருத்தின் நடுப்பகுதிக்கு வருகிறேன். துணையின் மணமும் பயிரின் மணமும் எவ்வாறு ஒன்றையொன்று சார்ந்து நிற்கின்றன? நம் பச்சைக் காய்ப்புழுவின் அமெரிக்க உறவினமான மக்காச்சோளக் கதிர்ப்புழுவைப் பற்றி அசோக் ரெய்னாவும் அவருடைய தோழர்களும் 1992-ல் வெளியிட்ட ஆராய்ச்சியை முதலில் சொல்ல வேண்டும். காட்டுப் பெண் பூச்சிகள், தம் குஞ்சுகளுக்கு உணவாகும் கதிரின் ஆவியை உணரும்வரை, துணையை அழைக்கும் பெரோமோனையே தேகத்தில் உண்டாக்காமல் தாமதிக்கின்றன. கதிரிலிருந்து வெளிப்படும் எத்திலீன் முதலிய ஆவிகள் அவ்வுற்பத்தியைத் தொடங்கி வைக்கின்றன. குழந்தைக்குச் சோறு உறுதியான பிறகே கல்யாணம் என்னும் ஏற்பாட்டை இயற்கை அந்தச் சிறு உயிரினுள் வைத்திருக்கிறது.

பழ ஈயின் கதை இன்னும் வியப்பிற்குரியது. அதன் தொடக்கம் நம் பாரத பூமியிலேயே நிகழ்ந்தது. பீகாரில் பூசா என்னும் ஊரிலிருந்த அரசாங்க வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஹௌலட், கொசுவை விலக்குவதற்கு மக்கள் பயன்படுத்திய சிட்ரோனெல்லா எண்ணெயில் பழ ஈக்கள் வந்து மொய்ப்பதையும், வருவன யாவும் ஆண்களாகவே இருப்பதையும் ஆராய்ந்து 1912-ல் எழுதினார். 1915-ல் அவ்வீர்ப்புக்குக் காரணம் மெத்தில் யூஜினால் என்னும் பொருள் என்று வெளியிட்டார். நம் வீட்டு முற்றத்துத் துளசியிலும் உள்ள பொருள் அது. பெண் ஈயின் மணத்தை அது ஒத்திருப்பதால்தான் ஆண் வருகிறது என்று வெகுகாலம் எண்ணப்பட்டது. உண்மை வேறாக இருந்தது. ஜப்பானிலும் மலேசியாவிலும் நடந்த பிற்கால ஆராய்ச்சிகளின்படி, கீழ்த்திசைப் பழ ஈயின் ஆண் மெத்தில் யூஜினாலை நக்கி உண்டு, தேகத்தினுள் மாற்றி, மலக்குடலை ஒட்டிய சுரப்பியில் சேமித்து, மாலை வேளையில் பெண்ணை அழைக்கும் தன் பெரோமோனாகவே அதை வெளியிடுகிறது. உண்ட ஆணுக்குப் பெண் கிடைப்பதும் உண்ணாததைக் காட்டிலும் எளிதாகிறது. தென்கிழக்காசியக் காடுகளில் ஆர்க்கிட் மலர்கள் சில இதே பொருளைக் கொடுத்து ஈயை வருவித்து, அதன் முதுகில் தம் மகரந்தத்தை ஏற்றி அனுப்புகின்றன. தாவரத்தின் மணம் எங்கே முடிகிறது, பூச்சியின் மணம் எங்கே தொடங்குகிறது என்று இங்கே எவரால் கோடு கிழிக்க முடியும்?

நம் தென்னந்தோப்புகளிலும் இந்தச் சேர்க்கையைக் காணலாம். சிவப்புக் கூன்வண்டு வெட்டுக்காயத்திலிருந்து கசியும் சாற்றின் மணத்தை நாடி வந்து அங்கே முட்டையிடுகிறது. பச்சை மட்டையை மரத்தை ஒட்டி வெட்டாதீர்கள், 120 சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள் என்று வேளாண்மைத் துறையினர் சொல்வதன் காரணம் இதுவே. வந்த ஆண் வண்டு, ஆண் பெண் இருபாலையும் கூட்டும் பெரோமோனை விடுக்கிறது. 1993-ல் அதன் ரசாயனம் வெளியான பிறகு பொறிகள் செய்யப்பட்டன. பெரோமோனை மாத்திரம் தொங்கவிட்ட பொறியைக் காட்டிலும், புளிக்கும் கரும்புச் சாறோ பழமோ மட்டைத் துண்டோ உடன் வைத்த பொறியில் வண்டுகள் மிகுதியாக விழுந்தன. இனத்தாரின் அழைப்பும் உணவின் மணமும் ஒருங்கே வந்தால்தான் அவ்விடம் மெய்யான மரம் என்று வண்டு நம்புகிறது. ஆமணக்குப் புண்ணாக்கை மண்பானையில் ஊறவைத்துத் தோப்பில் வைத்துக் காண்டாமிருக வண்டைப் பிடிக்கும் முறையும், மட்கும் பொருளின் மணத்தை நாடும் அதன் ஸ்வபாவத்தை ஒட்டியதே.

இந்தச் சார்பை மறந்து செய்த முயற்சி ஒன்று எவ்வாறு முடிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அசுவினி பகைவனால் தாக்குண்டால் ஓர் அபாய மணத்தை விடுகிறது. அருகிலிருப்பவை அதை உணர்ந்து ஓடுகின்றன. அந்த மணத்தைக் கோதுமைச் செடியே இடைவிடாமல் வெளியிடுமாறு, இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தார் மரபணுவை மாற்றி அமைத்தனர். ஆய்வுக்கூடத்தில் அசுவினிகள் விலகின. வயலில் அவற்றின் தொகை குறையவில்லை என்று 2015-ல் அவர்களே நேர்மையோடு வெளியிட்டனர். அசுவினி தன் அபாய மணத்தை ஆபத்துக் காலத்தில், ஒரு கணம், திடீரென்று எழுப்புகிறது. எந்நேரமும் எழும் அபாயக் குரலுக்கு யார் செவிசாய்ப்பார்? மணத்தின் பொருள் அதன் ரசாயனத்தில் மாத்திரம் இல்லை. அது எழும் வேளையிலும், உடன் வருபவற்றிலும் இருக்கிறது.

இவ்வுண்மையைத் தழுவிச் செய்த முயற்சிகளோ செழித்திருக்கின்றன. கென்யாவில் விக்டோரியா ஏரிக்கரை உழவர்களின் சோளத்தையும் மக்காச்சோளத்தையும் தண்டுத் துளைப்பான்கள் நாசம் செய்துவந்தன. அவற்றுள் ஒன்று ஆசியாவிலிருந்து அங்கே குடியேறியது, நம் சோளக் கொல்லைகளிலும் உள்ளது. சர்வதேசப் பூச்சி ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஜெயாவர் கானும், ராதம்ஸ்டெட்டின் ஜான் பிக்கெட்டும் 1990-களில் அங்கே வகுத்த முறையில், பயிரின் ஊடே டெஸ்மோடியம் என்னும் அவரைக் குலச் செடி வளர்ந்து தன் மணத்தால் அந்துப்பூச்சியை வெளியே தள்ளுகிறது. வயலைச் சுற்றி நிற்கும் நேப்பியர் புல் அதைத் தன்பால் இழுக்கிறது. இழுபட்ட பூச்சி புல்லில் முட்டையிட, பொரித்த புழுக்களுள் பெரும்பாலானவை அதன் பசைச் சாற்றில் சிக்கி மடிகின்றன. டெஸ்மோடியத்தின் வேர் சுடுமல்லிக் களையையும் அடக்குகிறது. டெஸ்மோடியமும் நேப்பியர் புல்லும் மாட்டுக்குத் தீவனமும் ஆகின்றன. ஏழை உழவன் கடையில் நஞ்சு வாங்காமல், மணத்தைக் கொண்டே வேலி கட்டிக்கொள்ள முடியும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமா?

பொறிகளைக் கையாளுவோருக்கும் சில வார்த்தைகள் சொல்வது என் கடமை. அந்துப்பூச்சிப் பொறியில் ஆண் மாத்திரமே விழும்; எஞ்சிய ஓர் ஆண் பல பெண்களோடு கூடவல்லது; ஆகவே வயலில் நாலைந்து பொறிகளைக் கட்டிவிட்டுப் பூச்சி ஒழிந்தது என்று இருந்துவிடலாகாது. அப்பொறிகள், பகை வந்துவிட்டதா, எவ்வளவு வந்திருக்கிறது என்று அறிவிக்கும் காவற்காரர்கள். இருபாலையும் கூட்டும் வண்டுப் பொறியின் தன்மை வேறு. அது தொகையையே குறைக்க வல்லது. ஆனால் அதையும் இளங்கன்றுகளின் அருகே கட்டினால், பொறியில் விழாது தப்பிய வண்டு கன்றையே தாக்கும். பருத்தியின் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்குச் செய்வது போல வயல் முழுவதும் பெண்ணின் மணத்தைப் பரப்பி, ஆண் எந்தத் திசையில் செல்வது என்று அறியாமல் திகைக்கும்படி செய்வது மூன்றாவது முறை. இதற்கு வயல் பெரிதாகவும் இருக்க வேண்டும், சுற்றியுள்ளோர் அனைவரும் சேரவும் வேண்டும். பக்கத்து நிலத்தில் ஏற்கெனவே கூடிய பெண், வரப்பைத் தாண்டி வந்து முட்டையிடுவதை எந்த மணமும் தடுக்காது. பசிபிக் கடலில் ரோட்டா என்னும் சிறு தீவில், ஹௌலட் கண்டறிந்த மெத்தில் யூஜினாலோடு சிறிதளவு நஞ்சு கலந்து ஊறவைத்த துண்டுகளைத் தீவு முழுவதும் இட்டு, கீழ்த்திசைப் பழ ஈயை 1960-களில் அடியோடு ஒழித்தார்கள். ஒரு தோட்டக்காரர் தனியே செய்திருந்தால் அந்தச் சித்தி கிட்டியிராது. தீவே ஒரு தோட்டமாக நின்று செய்தமையால் கிட்டியது.

அன்பர்களே, தெளிக்கும் நஞ்சு பகைவனையும் தேனீயையும், புழுவையும் அப்புழுவைத் தின்னும் குளவியையும் வேறுபடுத்தி அறியாது. மணமோ உரியவனை மாத்திரம் தேடிச் சென்று சேர்கிறது. அவ்வளவு நுட்பமான கருவியைக் கையில் எடுப்பவனுக்கு, பூச்சி எந்த வேளையில், எந்தச் செடியருகே, எவற்றோடு சேர்த்து அதை உணர்கிறது என்னும் அறிவும் வேண்டும். அயலானோடு கலந்து ஒரே நாளில் ஒரே காரியத்தைச் செய்யும் ஒற்றுமையும் வேண்டும். முன்னதை ஆராய்ச்சி நிலையங்கள் தர முடியும், தந்தும் வருகின்றன. பின்னதை நீங்கள்தாம் தர வேண்டும். உங்கள் ஊர்த் தென்னந்தோப்புக்காரர்களும் பருத்தி விவசாயிகளும் வரும் பருவத்திற்கு முன்னரே ஓரிடத்தில் கூடி, பொறியை எங்கே, எப்போது, எத்தனை கட்டுவது என்று ஊர்ப் பொதுவில் தீர்மானிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.